சாயல்: மெல்லிய நிறத்தைச் சொல்வதும் கலப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயல் என்பது ஒரு நிறமா?

தனி நிறம் அன்று. ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சிறிதளவு தெரிந்தால் அந்தச் சிறிதளவுதான் சாயல். ஒரு பூவைக் காட்டி 'இது சிவப்பு' என்று சொல்லிவிடலாம். 'இது சாயல்' என்று சொன்னால் எதன்மேல், எதன் சாயல் என்ற கேள்வி உடனே வரும். 'நீலச்சாயல் உள்ள வெள்ளை' என்றால் அடிநிறம் வெள்ளை. அதன்மேல் தெரிவது நீலம். அடிநிறத்தை விட்டுவிட்டு 'லேசான நீலம்' என்று மட்டும் சொன்னால் கேட்பவர் வானநீலத்தை நினைத்துக்கொள்வார். வருகிற துணியும் பெயின்டும் அப்படித்தான் இருக்கும்.

ஆகவே அடிநிறம் எது, சாயல் எது என்ற இரண்டையும் சொல்லுங்கள். 'பச்சைச்சாயல் கொண்ட சாம்பல்' வேறு, 'சாம்பல்சாயல் கொண்ட பச்சை' வேறு. முன்னதைத் தனியாகப் பார்த்தால் வெறும் சாம்பல் என்றே தோன்றும். பின்னதை யாரும் பச்சை என்றுதான் சொல்வார்கள். தமிழில் கடைசியில் வரும் பெயரே அடிநிறம் என்பதை மறக்காவிட்டால் போதும்.

சாயல், சாயம், சாயை: மூன்றும் ஒன்றா?

சாயம் என்பது பொருள். துணியில் ஏற்றுவது, கழுவினால் போவது. சாயை என்பது நிழல். சாயல் என்பது கண்ணுக்குத் தெரியும் தன்மை மட்டுமே. 'துணியில் நீலச்சாயம் இருக்கிறது' என்றால் சாயமிட்டிருக்கிறார்கள் என்று பொருள். 'நீலச்சாயல் இருக்கிறது' என்றால் காரணம் எதுவாகவும் இருக்கலாம்; பக்கத்துச் சுவரின் வண்ணம் துணியில் எதிரொளிப்பதாகக்கூட இருக்கலாம்.

'அப்பாவின் சாயல் பிள்ளையிடம் தெரிகிறது' என்பதிலும் இதே சொல்தான். அங்கே அது முழு ஒப்புமையைச் சொல்லவில்லை, ஓரளவு ஒப்புமையையே சொல்கிறது. நிறத்துக்கு வரும்போதும் அந்த 'ஓரளவு' கூடவே வருகிறது.

பழந்தமிழிலும் சாயலுக்கு இதே பொருளா?

இல்லை. தொல்காப்பியத்தில் அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் பகுதியான உரியியல் 'சாயல் மென்மை' என்கிறது. சங்கப் பாடல்களில் பெண்ணின் சாயலை மயிலோடு ஒப்பிடும் இடங்களில் பேச்சு மென்மையையும் ஒயிலையும் பற்றியது. அதை மயிலின் நீலப்பச்சை நிறம் என்று உரை எழுதினால் பொருள் தவறிவிடும். நிறத்தைச் சொல்ல அதே உரியியல் வேறு சொற்களைத் தருகிறது: 'குருவும் கெழுவும் நிறனாகும்மே.'

மெல்லிய நிறமாற்றத்தைக் கூர்ந்து பார்த்த பழைய சொல் வேண்டுமென்றால் பசலையைச் சொல்லலாம். பிரிவால் மேனியில் பரவும் வெளிறிய நிறம் அது. பசப்பு என்றும் வரும். திருக்குறளின் 119ஆம் அதிகாரம் 'பசப்புறு பருவரல்' முழுக்க இதைப் பற்றியதே. குறுந்தொகையின் 399ஆம் பாடல் பசலையைக் கேணிப் பாசிக்கு ஒப்பிடுகிறது: காதலர் தொடும்போதெல்லாம் விலகும், விடும்போதெல்லாம் பரவும். மேனியின் நிறம் அப்படியே இருக்க, மேலே ஒன்று வந்து போகிறது. சாயல் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான், பெயர் மட்டும் வேறு.

'சாயல்' என்ற சொல்லையே திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. மாற்று உண்டா?

நிறைய உண்டு. தமிழ் இந்த வேலையைப் பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லால் நன்றாகச் செய்கிறது. ஒவ்வொரு வினையும் நிறம் எப்படி வந்தது, எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் காது உடனே காட்டிக்கொடுக்கும்.

ஏறுதல் என்பது காலத்தால் மெல்ல வருவது, எளிதில் போகாதது. பழுப்பேறிய தாள், காவியேறிய பல். நேற்று வாங்கிய தாள் பிறவியிலேயே பழுப்பாக இருந்தால் அது பழுப்புத் தாள்தான், பழுப்பேறியது ஆகாது.

பாரித்தல் முழுப்பரப்பிலும் சீராகப் பரவுவது. பெரும்பாலும் நலக்குறைவைக் குறிக்கும்: நீலம் பாரித்த உதடு, நீலம் பாரித்த உடல். அழகான அறைக்கு 'நீலம் பாரித்த சுவர்' என்று விளம்பரம் எழுதினால் வாடகைக்கு ஆள் வரமாட்டார்கள்.

படர்தல் ஓரிடத்தில் தொடங்கி ஓரம் மங்கியபடி விரிவது. செம்மை படர்ந்த கன்னம், செம்மை படர்ந்த கீழ்வானம். நடுவில் அழுத்தமாகவும் விளிம்பில் மெலிந்தும் இருந்தால் இதுதான் சொல்.

பூத்தல் மேற்பரப்பில் பொடிபோலப் படிவது. சாம்பல் பூத்த தணல், நீறு பூத்த நெருப்பு. துடைத்தால் அடிநிறம் தெரிந்துவிடும். 'கண் பூத்துப்போனது' என்பதிலும் இந்த மங்கல்தான் இருக்கிறது.

ஓடுதல் கோடுகளாக வருவது: செவ்வரி ஓடிய கண். கண் முழுவதும் சிவந்திருந்தால் 'சிவந்த கண்'. நரம்புக் கோடுகள் மட்டும் தெரிந்தால்தான் செவ்வரி.

தட்டுதல் முதல் அறிகுறி. மஞ்சள் தட்டிய வெள்ளைத் துணி, கருமை தட்டிய வெள்ளிப் பாத்திரம். பாத்திரம் முழுவதும் கறுத்தபின் 'தட்டிய' பொருந்தாது.

தோய்தல் இவற்றில் எல்லாம் அழுத்தமானது. நிறத்தில் முக்கி எடுத்த உணர்வு வர வேண்டும். மெல்லிய சாயலுக்கு இதைப் போடுவது மிகை.

நிறம் குறைவதற்கும் தனித்தனி வினைகள் இருக்கின்றன. வெளுத்தல் என்பது வெண்மையை நோக்கிப் போவது. சலவையில் அது நல்லது. வெளிறுதல் இருந்த செழிப்பு போவது. மங்குதல் பளிச்சென்ற தன்மை குறைவது, நிறம் அதேதான். சாயம் போதல் பொருளே நீங்குவது. வாங்கியவர் குறைசொல்லி எழுதும்போது 'மங்கிவிட்டது', 'சாயம் போகிறது' என்ற இரண்டில் எது என்று சரியாக எழுதினால் பதிலும் சரியாக வரும்.

இளம், வெளிர், மங்கல், அடர்: எதை எங்கே போடுவது?

இளம், வெளிர் இரண்டும் வெள்ளை கூடிய நிறத்தைச் சொல்கின்றன. ஆனால் இளம் என்றால் தளிர்போல உயிர்ப்பும் இருக்க வேண்டும். வெளிர் என்றால் நிறம் வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். வாழைக்குருத்து இளம்பச்சை, வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் பச்சை வெளிர்பச்சை. மங்கல் என்றால் சாம்பல் கலந்தது. அடர் என்றால் நிறம் செறிந்தது. கரு என்றால் கறுப்பை நோக்கிப் போனது. அடர்நீலமும் கருநீலமும் ஒன்றில்லை.

இளஞ்சிவப்பு மட்டும் விதிவிலக்கு. அது தனி நிறத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. அதற்குள் வெளிர் இளஞ்சிவப்பு, அடர் இளஞ்சிவப்பு என்று மீண்டும் பிரிக்கலாம்.

எழுத்தில் தவறு வரும் இடம் சந்தி. வல்லினத்துக்கு முன் மகரம் அதற்கு இனமான மெல்லினமாகும்: இளஞ்சிவப்பு, இளங்கறுப்பு, இளம்பச்சை. மெல்லினத்துக்கு முன் மகரம் கெடும்: இளநீலம், இளமஞ்சள். 'இளம் நீலம்' என்று பிரித்து எழுதுவதும் இன்று வழக்கில் இருக்கிறது. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

'ஊதாச்சாயல்' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியுமா?

புரியாது. எழுத்தில் ஊதா என்பது சிவப்பும் நீலமும் கலந்த நிறம். பேச்சில் நீலத்தையே ஊதா என்று சொல்பவர்கள் நிறையப் பேர். வேலைக்கான குறிப்பில் 'கத்தரிப்பூ நிறம்' என்று எழுதிவிடுங்கள், சண்டை வராது.

பெயின்டு, ஓவியம் பற்றிய பேச்சில் டின்ட், ஷேட், டோன் என்கிறார்களே, அவை?

தூய நிறத்தோடு வெள்ளை சேர்ந்தால் டின்ட், கறுப்பு சேர்ந்தால் ஷேட், சாம்பல் சேர்ந்தால் டோன். பேச்சில் மூன்றையும் 'ஷேட்' என்றே சொல்லிவிடுகிறார்கள். வண்ண அட்டைக்குக்கூட ஷேட் கார்டு என்றுதான் பெயர். அண்டர்டோன் என்பது வேறு: பார்த்தவுடன் தெரியும் நிறத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் சாயல். இரண்டு 'வெள்ளை'களை அடுத்தடுத்து வைக்கும்போது ஒன்று மஞ்சளாகவும் ஒன்று நீலமாகவும் தெரிவதற்கு இதுவே காரணம்.

வெள்ளை சேர்த்தால் நிறம் வெளுப்பது மட்டுமில்லை, திசையும் சற்று மாறும். சிவப்போடு டைட்டானியம் வெள்ளை சேர்த்தால் வெறும் வெளிர்சிவப்பு வராது. குளிர்ந்த, நீலம் நோக்கிய இளஞ்சிவப்பு வரும். வெப்பமான சாயல் வேண்டுமானால் துளி மஞ்சளோ ஆரஞ்சோ சேர்க்க வேண்டும். மஞ்சளோடு கறுப்பைச் சேர்த்தால் மங்கலான மஞ்சளை எதிர்பார்ப்பீர்கள்; கிடைப்பது ஆலிவ் பச்சை. மஞ்சளைக் கருக்கப் பழுப்பு நிறமிதான் பாதுகாப்பானது.

ஒரு வெள்ளையில் என்ன சாயல் ஒளிந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தனியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கண் தன் முன்னால் இருக்கும் பெரிய பரப்பை வெள்ளை என்று ஏற்றுக்கொண்டுவிடும். ஒப்பிட ஒன்று வேண்டும்.

சன்னலருகே, நேரடி வெயில் படாத பகலொளியில் நில்லுங்கள். சுத்தமான அச்சுத்தாளைப் பக்கத்தில் வைத்தால் மஞ்சள், சிவப்புச் சாயல்கள் உடனே வெளிப்படும். ஆனால் ஒன்று: பெரும்பாலான அச்சுத்தாள்களில் ஒளியேற்றும் வேதிப்பொருள் இருப்பதால் தாளுக்கே நீலச்சாயல் உண்டு. அதோடு ஒப்பிட்டால் உண்மையில் நடுநிலையான வெள்ளையும் மஞ்சளாகத் தெரியும். ஆகையால் தாளோடு நிறுத்தாமல், ஐயத்துக்குரிய மூன்று நான்கு வெள்ளை மாதிரிகளையும் ஒன்றோடொன்று விளிம்பு தொட அடுக்கிப் பாருங்கள். எது எதைவிட மஞ்சள், எது எதைவிடப் பச்சை என்ற வரிசை தானாக அமையும்.

ஷேட் கார்டில் இன்னொரு வழி இருக்கிறது. அதே பட்டையின் கீழே உள்ள அடர்ந்த நிறத்தைப் பாருங்கள். உச்சியில் இருக்கும் வெளிர்நிறம் பெரும்பாலும் அதே குடும்பம்தான். கீழே ஆலிவ் இருந்தால், மேலே உள்ள 'வெள்ளை' நான்கு சுவரிலும் ஏறியபின் பச்சை காட்டும்.

அட்டையில் பார்த்த நிறம் சுவரில் வேறாகத் தெரிகிறதே?

காரணம் பெரும்பாலும் பெயின்டு இல்லை. முதலில் விளக்கைப் பாருங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 2700 கெல்வின், மஞ்சள் மிகுந்தது. பகலொளிக்கு அளவுகோலாகக் கொள்வது 6500 கெல்வின். மெல்லிய நீலச்சாயல் முன்னதில் கரைந்து சாம்பலாகிவிடும். மெல்லிய மஞ்சள் சாயல் ஊதிப்பெருகும். இரண்டு பொருள்கள் ஒரு விளக்கில் ஒத்துப்போய் மற்றொன்றில் பிரிந்து நிற்பதும் உண்டு. நிறமிகள் வேறு வேறாக இருக்கும்போது இது நடக்கும். திரைச்சீலையைச் சுவரோடு பொருத்துவதென்றால் பகலிலும் ஒருமுறை, இரவில் அந்த அறையின் விளக்கிலும் ஒருமுறை பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது அண்டை நிறம். சிவப்புப் பின்னணியில் வைத்த நடுநிலைச் சாம்பல் பச்சைச்சாயல் காட்டும். பாரிஸின் கோபலன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல், கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்ற புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். 1839இல் அதை விரிவாக வெளியிட்டார். சாயல் மெலிய மெலிய இந்த மாயம் வலுக்கும். அதனால் சிறு மாதிரியைப் பழைய நிறச் சுவரின் நடுவில் தீட்டிப் பார்ப்பது வீண்வேலை. ஓரடிக்கு ஓரடி அட்டையில் இரண்டு பூச்சு தீட்டி, சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு, அதைச் சுவர் சுவராக நகர்த்திப் பாருங்கள்.

மூன்றாவது, ஈரம். எமல்ஷன் என்னும் தண்ணீர் வகைப் பெயின்டு ஈரமாக இருக்கும்போது பால்போன்ற பசை காரணமாக வெளிறித் தெரியும். காய்ந்தால் கொஞ்சம் கருக்கும். எண்ணெய் வகை வெள்ளைப் பெயின்டு இருட்டறையில் நாளடைவில் மஞ்சளேறும். அலமாரியின் உட்புறம் வெளிப்புறத்தைவிட மஞ்சளாகிவிடுவது இதனால்தான்.

வெள்ளைப் பெயின்டில் மிகச் சிறிய சாயலை மட்டும் கலப்பது எப்படி?

நிறத்தை வெள்ளையில் சேர்க்க வேண்டும். வெள்ளையை நிறத்தில் சேர்க்கக் கூடாது. தாலோ நீலம், தாலோ பச்சை போன்ற நிறமிகளின் வலு அப்படிப்பட்டது. ஒரு கரண்டி நீலத்தை வெளிறச் செய்யத் தொடங்கினால் வாளிவாளியாக வெள்ளை தின்னும்.

ஸ்டெய்னரை, அதாவது பெயின்டுக்கு நிறமேற்றும் செறிந்த கலவையை, நேராகச் சொட்டவும் வேண்டாம். முதலில் ஒரு பங்கு ஸ்டெய்னரை 10 பங்கு வெள்ளையில் நன்றாகக் குழைத்து ஓர் இடைக்கலவை செய்யுங்கள். பிறகு 100 மி.லி. வெள்ளையை அளந்து, இடைக்கலவையிலிருந்து ஊசிமருந்துக் குழலால் அரை மி.லி. சேர்த்துக் கலக்கி, அட்டையில் தீட்டிக் காயவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அரை அரையாக ஏற்றி, ஒவ்வொரு அட்டையிலும் அளவை எழுதிவையுங்கள். நிறம் பிடித்துவிட்டால் கணக்கு எளிது: 100 மி.லி.க்கு 2 மி.லி. என்றால் 10 லிட்டருக்கு 200 மி.லி. இடைக்கலவை.

தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். வாளியின் அடியும் ஓரமும் கலக்கப்படாமல் நின்றுவிட்டால் கடைசிப் பூச்சில் கோடுகோடாக நிறம் வரும். பாதி கலக்கியபின் வேறு வாளிக்கு மாற்றி மீண்டும் கலக்க வேண்டும். சாயல் மிகுந்துவிட்டதென்று எதிர்நிறத்தைச் சேர்க்காதீர்கள். சாயல் அடங்கும், ஆனால் கூடவே சாம்பலேறிவிடும். கலந்ததில் ஒரு பங்கை எடுத்துப் புதிய வெள்ளையில் விடுவதே சரி. ஸ்டெய்னர் டப்பாவில் எழுதிய உச்ச அளவைத் தாண்டினால் பூச்சு காயத் தாமதமாகும், துடைத்தால் நிறம் கையோடு வரும். ஒரு சுவருக்கு வேண்டியதை ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். நடுவில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அந்த எல்லை கண்ணில் படும்.

வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவது ஏன்? நீலமாகிவிடாதா?

துணியில் தட்டியிருப்பது மஞ்சள். மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று அடக்கும் என்பதால் எஞ்சுவது சற்று மங்கலான, ஆனால் நடுநிலையான வெண்மை. கண் அதைத்தான் பளிச்சென்று உணர்கிறது. அளவு கூடினால் நீலம் மேலோங்கிவிடும். திட்டுத்திட்டாக வருவதற்குக் காரணம் சொட்டு நீலத்தை நேரே துணியில் விடுவது; முதலில் வாளித் தண்ணீரில் கலக்கி, பிறகு அலசிய துணியைப் பிரித்து முக்க வேண்டும்.

கணினியில் சாயலை எண்ணால் சொல்ல முடியுமா?

முடியும், அங்கே இது எளிது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. மூன்று எண்களும் சமமாக இருந்தால் சாயலே இல்லை: 128, 128, 128 நடுநிலைச் சாம்பல். ஒன்று விலகினால் சாயல் பிறக்கிறது. 255, 255, 240 என்பதில் நீலம் குறைந்திருக்கிறது. எனவே மஞ்சள் சாயல், தந்த நிறம். 248, 248, 255 நீலச்சாயல். 255, 240, 245இல் பச்சை குறைந்ததால் இளஞ்சிவப்புச் சாயல். 245, 255, 250 பச்சைச்சாயல்.

நிறப்பொருத்தம் பார்க்கும் கூடங்களில் 1976இல் வகுத்த லேப் (எல், ஏ, பி என்ற மூன்று எண்கள்) அளவு பயன்படுகிறது. எல் என்பது வெளிச்சம், 0 முதல் 100 வரை. ஏ கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை. பி கூடினால் மஞ்சள், குறைந்தால் நீலம். சாயலின் திசை ஏ, பி இரண்டிலும் அப்படியே தெரிந்துவிடும்.

அச்சுக்குப் போகும் கோப்பில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 2, 3 விழுக்காட்டு மையில் அமைத்த சாயல் திரையில் தெரிந்தாலும் அச்சில் மையின் நுண்புள்ளிகள் நிலைக்காமல் மறைந்துபோகலாம். தாளின் நிறம் வேறு அதன்மேல் ஏறும்.

புகைப்படம் முழுவதும் நீலம் பாரித்திருக்கிறது. சரிசெய்யலாமா?

நிழலில் எடுத்த படங்களுக்கு இது இயல்பு. வானத்தின் நீல ஒளிதான் அங்கே விழுகிறது. திருத்தும் செயலியில் ஒளியின் சாயலைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸைத் திறந்து, படத்தில் சாம்பலாக இருக்க வேண்டிய ஓரிடத்தைத் தொடுங்கள். வெயிலில் வெளுத்துப்போன வெள்ளையைத் தொட்டால் பலனில்லை. அங்கே மூன்று எண்களும் 255இல் முட்டி நின்றுவிட்டதால் தகவலே இல்லை. டெம்பரேச்சர் என்ற இழுவை நீலம்–மஞ்சள் திசைக்கு. பக்கத்தில் உள்ள டின்ட் என்பது பச்சை–மெஜந்தா திசைக்கு. பெயின்டுப் பேச்சில் வரும் டின்டோடு இதற்குத் தொடர்பில்லை. சன்னல் ஒளியும் குழல்விளக்கும் கலந்த படத்தை ஒரே இழுவையால் திருத்த முடியாது. பகுதி பகுதியாகத் தேர்ந்தெடுத்துத்தான் செய்ய வேண்டும்.

உடலில் தெரியும் சாயலை எங்கே பார்ப்பது?

கருநிற மேனியில் தோலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மஞ்சள் காமாலையைக் கண்ணின் வெண்பகுதியிலும், வெளிறலைக் கீழிமையின் உட்புறத்திலும், நீலம் பாரித்தலை நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் பார்க்க வேண்டும். பகலொளியில் பாருங்கள், மஞ்சள் விளக்கின்கீழ் காமாலை தப்பிவிடும். நாக்கும் உதடும் நீலம் பாரித்திருந்தால் உறுதிசெய்துகொள்ளக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நிறமே இல்லாதவற்றுக்கும் சாயல் என்று சொல்லலாமா?

தாராளமாக. 'பதிலில் கேலியின் சாயல் இருந்தது', 'வட்டார வழக்கின் சாயல் தெரிகிறது'. குரலுக்கும் எழுத்துக்கும் 'இழையோடுதல்' இன்னும் நன்றாக அமையும்: சோகம் இழையோடிய குரல். 'சோகம் பாரித்த குரல்' என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.